பக்கத்தில் போனால் பயம் சிறுத்துப்போகும்



பயம் இல்லாத மனிதர் உண்டா? இல்லை. ஒருவருக்கு இருட்டைக் கண்டால் பயம். இன்னொருவருக்குப் பாம்பைக் கண்டால் பயம். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் பேசச் சிலருக்குப் பயம். டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று சிலருக்குப் பயம்.

நம் முன்னோர்களுக்கும் பயம் இருந்தது. அவர்கள் அதைப் பற்றிக் கதைகள் சொன்னார்கள். அந்தக் கதைகளில் ஒரு பொதுவான செய்தி இருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தால் பயம் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது சிறுத்துப்போகும்.

இது உண்மையா? எல்லாப் பயத்துக்கும் இது பொருந்துமா? கதைகளைப் படித்துவிட்டு நாமே முடிவு செய்வோம்.

மலைமேல் ஓர் அரக்கன்

கர்நாடக மாநிலத்தில் மைசூரு நகரம் இருக்கிறது. நகரத்தை ஒட்டிச் சாமுண்டி மலை. அடிவாரத்திலிருந்து மேலே போக ஏறத்தாழ 1,000 படிகள் உண்டு. பஸ்ஸிலும் போகலாம்.

மலை உச்சியில் ஒரு பெரிய சிலை நிற்கிறது. முறுக்கிய மீசை. உருட்டும் விழிகள். வலக்கையில் ஓங்கிய வாள். இடக்கையில் படமெடுத்த பாம்பு. அவன்தான் மகிஷாசுரன். தேவர்களையே நடுங்க வைத்தவன் என்று புராணம் சொல்கிறது. சாமுண்டீஸ்வரி அம்மன் அவனோடு போரிட்டு அவனை வென்றாள் என்பது கதை. மகிஷனின் ஊர் என்பதால்தான் மைசூரு என்ற பெயர் வந்தது என்றும் சொல்வார்கள்.

இன்று அந்தச் சிலையின் காலடியில் என்ன நடக்கிறது? குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் அவன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தேவர்களை விரட்டிய அரக்கனுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்கள்.

பயத்துக்கு ஓர் உருவம் கொடுத்து, ஒரு பெயரும் வைத்துவிட்டால், அதன் முன்னால் நிற்க நமக்குத் தைரியம் வருகிறது. நாட்டுப்புறக் கதைகளும் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

கதைகளைத் தேடிய மைசூருக்காரர்

மைசூருவில் 1929ஆம் ஆண்டு ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஏ.கே. ராமானுஜன் பிறந்தார். வீட்டில் தமிழ் பேசினார். தெருவில் கன்னடம் பேசினார். மைசூரு மகாராஜா கல்லூரியில் படித்தார். பிறகு அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

எவ்வளவோ படித்த அவர், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் சொன்ன கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவற்றை உலகம் படிக்கும்படி எழுதினார். இந்தியாவின் பல மொழிக் கதைகளைத் தொகுத்து 1991இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1993இல் அவர் காலமானார்.

மைசூருப் பல்கலைக்கழகத்திலும் நாட்டுப்புறக் கலைகளுக்கென ஓர் அருங்காட்சியகம் ஏற்படுத்தினார்கள். ஜெயலட்சுமி விலாஸ் என்ற பழைய மாளிகையில் 1968இல் அது தொடங்கப்பட்டது. கிராமத்து மக்கள் கூத்திலும் திருவிழாவிலும் பயன்படுத்திய முகமூடிகளையும் பொம்மைகளையும் அங்கே சேர்த்து வைத்தார்கள்.

பாட்டி சொன்ன கதை வெறும் பொழுதுபோக்கு இல்லை. அதில் வாழ்க்கைக்கு வேண்டிய அறிவு இருக்கிறது. இனி கதைகளுக்குப் போவோம்.

1. நரியும் முரசும்

இது பஞ்சதந்திரக் கதை. தமிழில் தாண்டவராய முதலியார் எழுதிய பஞ்சதந்திர நூல் 1826இல் அச்சானது. கன்னடத்தில் 11ஆம் நூற்றாண்டிலேயே துர்கசிம்மன் என்ற கவிஞர் பஞ்சதந்திரம் எழுதினார். ஆயிரம் ஆண்டுகளாக நம் பக்கத்து மக்களுக்குப் பழக்கமான நூல் அது.

ஒரு நரிக்கு நல்ல பசி. இரை தேடி அலைந்து ஒரு பழைய போர்க்களத்துக்கு வந்தது. அங்கே திடீரென்று “டம்! டம்!” என்று பெரிய சத்தம். நரி நடுங்கிவிட்டது.

“ஐயோ! எவ்வளவு பெரிய மிருகமோ! ஓடிவிடலாமா?” என்று நினைத்தது.

ஓடக் காலைத் தூக்கியது. பிறகு நின்று யோசித்தது. “சத்தம் மட்டும்தான் கேட்டது. எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லையே! என்னவென்று தெரியாமல் ஏன் ஓட வேண்டும்?”

மெல்ல மெல்ல நடந்தது. புதர் மறைவில் நின்று எட்டிப் பார்த்தது. அங்கே ஒரு போர் முரசு கிடந்தது. காற்று அடிக்கும்போது மரக்கிளை அசைந்தது. கிளை முரசின்மேல் பட்டது. அதுதான் “டம்! டம்!”

நரிக்குச் சிரிப்பு வந்தது. கிட்டே போய்த் தானும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தது. உள்ளே தின்ன ஏதாவது இருக்கும் என்று தோலைக் கிழித்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மரமும் தோலும்தான்.

நரி எப்படிப் போனது என்பதைக் கவனியுங்கள். அது கண்ணை மூடிக்கொண்டு பாயவில்லை. மெல்லப் போனது. மறைவில் நின்று பார்த்தது. பிறகுதான் தொட்டது.

2. முயலும் வில்வப்பழமும்

இது புத்தரின் முற்பிறவிக் கதைகள் என்று போற்றப்படும் ஜாதகக் கதைகளில் ஒன்று.

ஒரு முயல் பனங்கன்றின் நிழலில் படுத்திருந்தது. “இந்தப் பூமி உடைந்து போனால் நான் எங்கே போவேன்?” என்று நினைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வில்வ மரத்திலிருந்து ஒரு பழம் விழுந்தது. காய்ந்த பனையோலைமேல் விழுந்ததால் ‘தடால்’ என்று சத்தம்.

“பூமி உடைகிறது!” என்று முயல் ஓடத் தொடங்கியது. திரும்பியே பார்க்கவில்லை.

அதைப் பார்த்து மற்ற முயல்கள் ஓடின. முயல்களைப் பார்த்து மான்கள் ஓடின. பன்றி, எருமை, புலி, யானை எல்லாம் ஓடின. எல்லாம் கடலை நோக்கி ஓடின. இன்னும் கொஞ்ச தூரம் போனால் கடலில் விழுந்து செத்திருக்கும்.

ஒரு சிங்கம் இதைப் பார்த்தது. குறுக்கே வந்து நின்று கர்ஜித்தது. எல்லா விலங்குகளும் நின்றன.

“ஏன் ஓடுகிறீர்கள்?”

“பூமி உடைகிறது, ராஜா!”

“யார் பார்த்தது?”

“யானைக்குத் தெரியும்.”

யானையைக் கேட்டால், “எனக்குத் தெரியாது, புலியைக் கேளுங்கள்” என்றது. புலி எருமையைக் காட்டியது. எருமை பன்றியைக் காட்டியது. பன்றி மானைக் காட்டியது. மான் முயல்களைக் காட்டியது. கடைசியில் எல்லாம் அந்த ஒரு முயலைக் காட்டின.

“நீ கண்ணால் பார்த்தாயா?” என்று சிங்கம் கேட்டது.

“சத்தம் கேட்டேன், ராஜா.”

“வா, போய்ப் பார்ப்போம்.”

“ஐயோ, எனக்குப் பயமாக இருக்கிறது!”

சிங்கம் முயலைத் திட்டவில்லை. தன் முதுகில் ஏற்றிக்கொண்டது. அந்த இடத்துக்குப் போனது. பனையோலைமேல் ஒரு வில்வப்பழம் கிடந்தது. பூமி இருந்தபடியே இருந்தது.

இந்தக் கதையில் ஓடியவர்கள் ஆயிரம் பேர். சத்தம் கேட்டவர் ஒருவர். கண்ணால் பார்த்தவர் யாருமே இல்லை. வதந்தி இப்படித்தான் பரவுகிறது. இன்று செல்போனில் வரும் வதந்தி முயலைவிட வேகமாக ஓடுகிறது. “யார் பார்த்தது?” என்று கேட்கும் ஒரு சிங்கம் ஒவ்வொரு தெருவிலும் தேவை.

3. வளரும் பூதம்

கிருஷ்ணனைப் பற்றி மக்கள் சொல்லும் கதை இது.

கிருஷ்ணன், பலராமன், சாத்யகி மூவரும் ஒரு காட்டில் இரவு தங்கினார்கள். இரண்டு பேர் தூங்குவது, ஒருவர் காவல் இருப்பது என்று பேசிக்கொண்டார்கள்.

முதலில் சாத்யகி காவல் இருந்தான். ஒரு பூதம் வந்தது. அவன் ஆத்திரத்தோடு அதைத் தாக்கினான். அவன் கத்தக் கத்தப் பூதம் வளர்ந்தது. அடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அடுத்துப் பலராமன் காவல் இருந்தான். அவனுக்கும் அதே கதி. கோபம் ஏற ஏறப் பூதம் மரத்தளவு உயர்ந்தது.

மூன்றாவதாகக் கிருஷ்ணன் முறை. பூதம் வந்து உறுமியது. கிருஷ்ணன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

“அடடா! நீ நல்ல பலசாலி. உன்னால் எனக்குத் தூக்கம் வராது. காவல் காக்க நல்ல துணை!” என்றான்.

பூதம் கொஞ்சம் குறுகியது. மறுபடி உறுமியது. கிருஷ்ணன் மறுபடி சிரித்தான். இன்னும் குறுகியது. கடைசியில் ஒரு சிறு பூச்சி அளவு ஆனது. கிருஷ்ணன் அதை எடுத்துத் தன் துணி முனையில் முடிந்துகொண்டான்.

பொழுது விடிந்தது. மற்ற இருவரும் உடம்பெல்லாம் காயத்தோடு எழுந்தார்கள். கிருஷ்ணன் முடிச்சை அவிழ்த்துக் காட்டினான். “நீங்கள் இரவெல்லாம் சண்டை போட்டது இதனோடுதான்” என்றான்.

அந்தப் பூதத்துக்குத் தீனி நம்முடைய பதற்றம்தான். தீனி கிடைக்காவிட்டால் அது மெலிந்துவிடும்.

4. சுவர்களிடம் சொன்ன கிழவி

ராமானுஜன் 1991இல் வெளியிட்ட தொகுப்பில் இந்தத் தமிழ்க் கதை இருக்கிறது.

ஒரு கிழவி. கணவன் இல்லை. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நான்கு பேரும் அவளைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். யாரிடம் சொல்வாள்? சொல்ல ஆள் இல்லை. சொல்லவும் பயம். எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டாள். அவள் உடம்பு ஊதிக்கொண்டே போனது. அதற்கும் வீட்டில் ஏளனம் செய்தார்கள்.

ஒருநாள் வீட்டை விட்டுக் கிளம்பி நடந்தாள். ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த வீடு. கூரை இல்லை. நான்கு சுவர்கள் மட்டும் நின்றன. உள்ளே போனாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகனைப் பற்றிய குறையை எல்லாம் சொன்னாள். அந்தச் சுவர் இடிந்து விழுந்தது. அவள் உடம்பு கொஞ்சம் இளைத்தது. அடுத்த சுவரிடம் மூத்த மருமகளைப் பற்றிச் சொன்னாள். அதுவும் விழுந்தது. இப்படியே நான்கு சுவர்களும் விழுந்தன. அவள் பாரம் இறங்கியது. லேசான உடம்போடு வீட்டுக்குத் திரும்பினாள்.

சுவரே தாங்க முடியாமல் விழுந்தது என்றால், அந்தப் பாரத்தை அவள் எத்தனை நாள் தனியாகச் சுமந்திருப்பாள்! பயமும் துக்கமும் வாய்க்குள் இருக்கும்வரை பெருக்கும். வார்த்தையாக வெளியே வந்தால் அளவு தெரிந்துவிடும். நமக்குச் சுவர் வேண்டாம். நம்பிக்கையான ஒரு தோழி போதும். ஒரு மகளிர் குழு போதும்.

5. புண்ணியகோடி

கர்நாடகத்தில் இந்தக் கதை தெரியாத குழந்தை இல்லை என்றே சொல்லலாம். நாட்டுப்புறப் பாட்டாக இதைப் பாடுவார்கள். பள்ளிக்கூடங்களில் பல தலைமுறையாகச் சொல்லித் தருகிறார்கள்.

காளிங்கன் என்ற மாட்டுக்காரனிடம் புண்ணியகோடி என்ற பசு இருந்தது. ஒருநாள் மேயப் போன இடத்தில் ஒரு புலி அதை வழிமறித்தது. பல நாள் பட்டினி கிடந்த புலி.

பசு சொன்னது: “வீட்டில் என் கன்று பசியோடு இருக்கிறது. அதற்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன். பிறகு என்னைத் தின்னலாம்.”

“போனால் நீ வருவாயா?” என்று புலி கேட்டது.

“வருவேன். என் வாக்கு தவறாது.”

பசு வீட்டுக்கு வந்தது. கன்றுக்குப் பால் கொடுத்தது. நடந்ததைச் சொன்னது. கன்று அழுதது. “போகாதே அம்மா!” என்று கெஞ்சியது. மற்ற பசுக்களும் தடுத்தன. “என் கன்றை உங்கள் கன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் புண்ணியகோடி காட்டுக்குத் திரும்பியது.

புலியின் முன்னால் போய் நின்றது. “வந்துவிட்டேன்” என்றது. புலி வெட்கிப்போனது. இந்த உத்தமியைத் தின்றால் தனக்குப் பாவம் என்று நினைத்தது. மலையிலிருந்து குதித்து உயிரை விட்டது. பசு கன்றிடம் திரும்பியது.

பசுவுக்குப் பயம் இல்லையா? இருந்திருக்கும். உயிர்ப்பயம் யாருக்கு இல்லை? ஆனால் அதைவிடப் பெரிதாக இரண்டு விஷயங்கள் அதற்கு இருந்தன. ஒன்று கன்று. இன்னொன்று கொடுத்த வாக்கு. அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பயம் சிறிதாகிவிட்டது. இது கதைப் புலி என்பதை மறந்துவிடாதீர்கள். நிஜப் புலியைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

வாசலில் எழுதிய பேய்

இதுவரை பயத்தை எதிர்கொண்டவர்களின் கதைகளைப் பார்த்தோம். பயத்தைத் தள்ளிப் போட்ட கதை ஒன்றும் கர்நாடகத்தில் உண்டு.

அங்கே சில ஊர்களில், சில தெருக்களில், வாசற்கதவில் “நாளே பா” என்று எழுதி வைப்பார்கள். ‘நாளை வா’ என்று பொருள். இரவில் ஒரு பேய் வந்து தெரிந்தவர் குரலில் கூப்பிடுமாம். கதவைத் திறந்தால் ஆபத்தாம். கதவில் “நாளை வா” என்று எழுதியிருந்தால் அது படித்துவிட்டுப் போய்விடுமாம். மறுநாளும் வந்து படிக்குமாம். மறுபடியும் போய்விடுமாம். 1990களில் இந்தப் பேச்சு பெரிதாகப் பரவியது.

படிக்கத் தெரிந்த பேய்! சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒன்று யோசியுங்கள். “நாளை வா” என்று சொன்னால் பேய் போய்விடுகிறதா? இல்லை. தினமும் வருகிறது. அந்த வீட்டுக்காரர் தினமும் பயந்துகொண்டே படுக்கிறார்.

நாமும் பல பயங்களுக்கு “நாளை வா” என்று எழுதி வைக்கிறோம்.

ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். “காசநோய் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?” என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறார். நாளை, நாளை என்று நாள் போகிறது. நோய் இருந்தால் அது முற்றுகிறது. வீட்டில் மற்றவர்களுக்கும் பரவுகிறது. காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும். இதைத் தெரிந்துகொண்டவருக்குப் பயம் அளவோடு இருக்கும். தெரிந்துகொள்ளாதவருக்கு அது மரத்தளவு வளரும்.

ஏன் பெரிதாகத் தெரிகிறது?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பழமொழி சொல்கிறது. விஞ்ஞானிகள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிலந்திக்குப் பயந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அது 2012இல் வெளியானது. உயிருள்ள சிலந்திகளை அவர்களுக்குக் காட்டினார்கள். பிறகு, “சிலந்தி எவ்வளவு நீளம் இருந்தது? கோடு போட்டுக் காட்டுங்கள்” என்றார்கள். அதிகம் பயந்தவர்கள் நீளமான கோடு போட்டார்கள். பயம் கூடியவர்களுக்குச் சிலந்தியின் அளவும் கூடித் தெரிந்தது.

இன்னொரு பழைய சோதனை 1924இல் வெளியானது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி செய்தார். பீட்டர் என்ற சிறு பையனுக்கு முயலைக் கண்டால் பயம். அவன் தனக்குப் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிடும்போது, கூண்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் பையன் முயலைத் தொட்டு விளையாடினான்.

முரசை நோக்கி நரி நடந்ததும் இப்படித்தானே? மெல்ல, மெல்ல. பயத்தை விட்டு ஓடும்போது மனத்துக்கு அந்த நேரத்தில் நிம்மதி கிடைக்கிறது. ஆனால் உண்மை தெரியாமலே போய்விடுகிறது. “ஓடியதால்தான் பிழைத்தேன்” என்று மனம் நம்புகிறது. அடுத்த முறை இன்னும் வேகமாக ஓடுகிறோம். நின்று பார்த்தால், நினைத்த ஆபத்து வரவில்லை என்று மனமே கற்றுக்கொள்கிறது.

எது முரசு? எது புலி?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாப் பயமும் வெறும் சத்தம் இல்லை.

மைசூருக்குத் தெற்கே பந்திப்பூர் காடு இருக்கிறது. மேற்கே நாகரஹொளெ காடு இருக்கிறது. இரண்டிலும் நிஜப் புலிகள் வாழ்கின்றன. காட்டோரக் கிராமத்தில் இருப்பவர் புலியின் முன்னால் போய், “நான் புண்ணியகோடி” என்று நிற்கக் கூடாது. புலி நடமாட்டம் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் தனியே போகக் கூடாது. அந்தப் பயம் நம்மைக் காப்பாற்றும் பயம்.

பாம்பும் அப்படித்தான். இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லை. கடித்து உயிர் போவதற்குப் பெரும்பாலும் காரணம் நான்கு வகைகள்தான். நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். எந்தப் பாம்பு கடித்தாலும் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. இறுகக் கட்டுப்போடக் கூடாது. மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், உடனே விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டவர் பாம்பு என்றதும் பதறமாட்டார். அலட்சியமாகவும் இருக்கமாட்டார்.

ஆகவே முதல் வேலை, கிட்டே போகுமுன் கேட்பது. “இது முரசா, புலியா?” முரசு என்றால் போய்த் தட்டிப் பார்ப்போம். புலி என்றால் ஆள் சேர்த்து, வழி தெரிந்து நடப்போம்.

நம் வாழ்க்கையில்

எழுதப் படிக்கத் தெரியாதபோது ஒவ்வொரு காகிதமும் ஒரு முரசுதான். வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தால் வயிறு கலங்கும். பிரித்துக் காட்ட ஆள் தேட வேண்டும். அந்த ஆள் சொன்னதை நம்ப வேண்டும். இப்போது நீங்களே உறையைப் பிரிக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். கடன் பாக்கி என்று இருந்தால்கூட, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். தொகை தெரிந்த கடனுக்கு வழி தேடலாம். தெரியாத கடனுக்குப் பயப்படத்தான் முடியும்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் கிராமத்தில் பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி பேசுவார்கள். விழுந்துவிடுவோம் என்ற பயம் ஒரு பக்கம். ஊர் சிரிக்கும் என்ற பயம் அதைவிடப் பெரிது.

முதலில் ஒருசிலர் ஏறினார்கள். விழுந்தார்கள். எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். சில ஆண்டுகளில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு போனார்கள். கேலி பேசியவர்களுக்குக் கேலி பேச ஆள் கிடைக்கவில்லை. தனியாக ஏறிய பெண்ணுக்குப் பெரிதாக இருந்த பயம், ஊரே ஏறியபோது காணாமல் போனது.

எல்லாப் பயத்தையும் தனியாகத் தாண்ட முடியாது. முயலுக்கும் சிங்கத்தின் முதுகு தேவைப்பட்டது. சிலருக்குப் பயம் அதிகமாகித் தூக்கம் கெடும். நெஞ்சு படபடக்கும். வேலைக்குப் போக முடியாது. அது கோழைத்தனம் இல்லை. அதற்கு வைத்தியம் உண்டு. அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் போன் செய்யலாம். 2022இல் தொடங்கிய இலவசச் சேவை இது. தமிழ், கன்னடம் உட்படப் பல மொழிகளில் பேசலாம்.

நினைவில் வைப்போம்

1. சத்தம் கேட்டதும் ஓடாமல், என்னவென்று பார்ப்போம். (நரி)
2. “யார் பார்த்தது?” என்று கேட்போம். (சிங்கம்)
3. பதறாமல் இருப்போம். (கிருஷ்ணன்)
4. நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வோம். (கிழவி)
5. பயத்தைவிடப் பெரியது எது என்று நினைத்துப் பார்ப்போம். (புண்ணியகோடி)
6. “நாளை வா” என்று தள்ளிப் போடாமல் இருப்போம்.
7. நிஜமான ஆபத்து என்றால் எச்சரிக்கையோடு, துணையோடு செயல்படுவோம்.

சிந்திப்போம், பேசுவோம்

1. முரசு என்று தெரிவதற்கு முன் நரி என்னென்ன செய்தது? வரிசையாகச் சொல்லுங்கள்.
2. சிங்கம் முயலைத் திட்டியிருந்தால் முயல் அந்த இடத்துக்குத் திரும்பி வந்திருக்குமா?
3. உங்கள் ஊரில் பரவிய வதந்தி ஒன்றைச் சொல்லுங்கள். அதை முதலில் சொன்னவர் யார் என்று தெரிந்ததா?
4. கிழவியின் வீட்டில் யாராவது ஒருவர் அவள் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
5. நீங்கள் “நாளை வா” என்று தள்ளி வைத்திருக்கும் வேலை எது?

செய்து பார்ப்போம்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்கள் பயம் ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள். வலப்பக்கம், அதை நோக்கி இந்த வாரம் வைக்கக்கூடிய ஒரு சின்ன அடியை எழுதுங்கள். வங்கிக்குப் பயம் என்றால், முதல் நாள் உள்ளே போய்ப் பணம் எடுக்கும் படிவம் ஒன்றை மட்டும் வாங்கி வாருங்கள். இரண்டாம் நாள் அதை வீட்டில் நிரப்பிப் பழகுங்கள். மூன்றாம் நாள் கவுண்டரில் கொடுங்கள்.

அடுத்த வாரம் வகுப்பில் அந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் பாட்டியோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ சொன்ன பயக்கதை ஒன்றையும் எழுதிக் கொண்டுவாருங்கள். எல்லாரும் சேர்ந்து படிப்போம்.